தலை

எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையப் புகைபோக்கிக்குக் கீழே, இடுப்பளவு நீரில் ஒரு பெண் வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார். அறிவியல் வாத்தியாரான எனக்குக் கரையில் சும்மா நிற்க வரவில்லை, பாடம் எடுக்கிறேன். பாசி வெயிலில் வளர்கிறது, பாசியை இறால் தின்கிறது, இறாலை மனிதன். படிக்குப் படி பத்தில் ஒரு பங்கு சக்திதான் மேலே போகும். ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலை நாம்தான்.

வாயில் பறி இருப்பதால் அவர் குறுக்கே பேசவில்லை. இப்படியொரு மாணவி எனக்கு வகுப்பில் வாய்த்ததில்லை.

கரையேறிப் பறியை இறக்கியதும் சொல்கிறார்: "தலன்னு கரெக்டா சொன்ன சார். எறா ஒடம்பு கப்பல் ஏறிப் போய்டுது. எங்க வூட்டுக் கொழம்புக்குத் தல மட்டுந்தான் வருது."