பக்கத்துக் கடையில் விசாரிக்கவும்

சுயம்புலிங்கம் போய்விட்டான் என்று அவன் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு "எப்பம்மா?" என்றேன். "விடியக்காலம் மாமா. தூக்கத்துலயே" என்றாள். அவனைத் தெரிந்தவர்கள் சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஏராளமாக இருக்கிறீர்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு அவனிடம் நேரான பதிலை வாங்கியவர் உங்களில் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். "ஏதோ ஓடுது" என்பான். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதினால் யாரைப் பற்றியோ என்று அவனே தேடுவான். 'அவன்' என்றே எழுதுகிறேன்.

எழுபதுகளில் இருவரும் சென்னையில் நிர்வாகவியல் படித்தோம். விடுதியில் ஒரே அறை. நான் தாமிரபரணிக் கரை நெல் விவசாய வீட்டுப் பிள்ளை. அவன் தூத்துக்குடியில் கருப்பட்டியும் மிளகாய் வற்றலும் மொத்தமாக விற்ற தங்கப்பழம் அண்ணாச்சியின் ஒரே மகன். காலையில் டிபன் சாப்பிட மாட்டான். அறுந்த செருப்பைத் தானே தைத்துக்கொள்வான். "அப்பாவுக்குக் கடை சரியில்லலே. நட்டத்துல ஓடுது" என்பான். ஒரு வேலையைப் பிடித்து, அப்பாவைக் கடையை மூடச் சொல்லி, உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். அவனுக்கு வேறு லட்சியம் கிடையாது. அதைக் கேட்டு நான் கலங்கிப்போய் என் இட்லியில் பாதியை அவன் பக்கம் தள்ளுவேன்.

கோடை விடுமுறையில் மவுண்ட் ரோட்டில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எங்களுக்குப் பயிற்சி கிடைத்தது. மற்ற நிறுவனங்களுக்கு யோசனை சொல்லிக் கட்டணம் வாங்குவது அவர்கள் தொழில். "எங்க ஊர்ல கேக்காமலே சும்மா சொல்லுவாங்களேலே" என்று சுயம்பு ஆச்சரியப்பட்டான். பயிற்சியில் நன்றாகச் செய்தால் வேலை உண்டு என்று எங்கள் அதிகாரி சொல்லியிருந்தார். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே கிட்டங்கிகள் கட்டி, சரக்கு அடுக்கிவைக்க வாடகைக்கு விடலாமா என்று ஒரு கம்பெனி யோசித்தது. வியாபாரிகளிடம் போய், தொழில் எப்படி நடக்கிறது, சரக்கு எவ்வளவு தேங்குகிறது என்று விசாரித்து வரும்படி எங்களை அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் என்பதால் உண்மை சுலபமாகக் கிடைக்கும் என்று அதிகாரி நம்பினார்.

கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறினோம். உப்பு வியாபாரி ஒருவர், முதுகுக்குப் பின்னால் உப்புக் குவியல் குன்றுபோல் நிற்க, "உப்புல என்ன இருக்கு தம்பி, ஒரு மழைக்குத் தாங்குமா" என்றார். சங்கு ஏற்றுமதி செய்தவர் இரண்டு தட்டு நிறைய மக்ரூன் வைத்து, கலர் சோடாவும் உடைத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசம் இந்தக் கடை இருந்தா வந்து பாருங்க" என்று கண்ணைத் துடைத்தார். தோணி வைத்திருந்தவர் தோணியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்றார். எங்களை வரிக்காரர்கள் என்று நினைக்கிறார்களோ என்று கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். நட்டம் இன்னும் கொஞ்சம் கூடியது. தங்கப்பழம் அண்ணாச்சியிடமும் கேட்டோம். "ஏதோ ஓடுது" என்றார், பெற்ற மகனிடம், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் வாரத்து விவரத்தைத் தபாலில் அனுப்பினோம். பதிலுக்கு டிரங்க் கால் வந்தது. "ஊர் முழுக்க நஷ்டம் என்றால் அங்கே லாரி லாரியாக ஏற்றுவது யார் சரக்கு?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியான விவரத்தோடு வர வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். தபால் ஆபீஸ் வாசலில் சுயம்பு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வேலை போனால் அப்பாவை எப்படிக் கரைசேர்ப்பான்?

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். "ஏலே, கடக்காரன்ட்ட அவன் கடையப் பத்திக் கேட்டதுதான் தப்பு. அடுத்த கடையப் பத்திக் கேப்போம்."

விடை தெரிந்த ஒரு கணக்கில் முதலில் சோதித்துப் பார்ப்போம் என்று, தன் அப்பா கடைக்கு அடுத்த கடைக்கே என்னைக் கூட்டிப்போனான். கயிறும் தார்ப்பாயும் விற்ற பால்துரை அண்ணாச்சி கடை. "எங்க அப்பா யாவாரம் எப்படிண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, நட்டம் என்று எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்தான்.

"ஒங்கப்பனுக்கு என்னடே. ரெண்டு கிட்டங்கியும் கழுத்துவரைக்கும் நெறஞ்சு கெடக்கு. மூணாவது ஒண்ணு வாடகைக்குத் தேடுதாரு. நானில்லா நட்டத்துல கெடக்கேன்."

சுயம்பு பேனாவை மூட மறந்து நின்றான். எனக்கு நான் தள்ளிய இட்லிகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

நேரே அப்பா கடைக்குப் போனான். முதலில் பால்துரை அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டான். "அவனுக்கென்ன, அள்ளுதான்" என்றார். "ஒங்க கடைப்பா?" "ஏதோ ஓடுது." "மூணாவது கிட்டங்கி தேடுதீகளாமே?"

தராசு அப்படியே நின்றது. "பால்துரையா சொன்னான்? வாய்விட்டுச் சொல்லிட்டானா?"

அடுத்த நிமிடம் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி வற்றலை அள்ளினார். கல்லுப்பும் சேர்த்துக் கல்லாவுக்கும் மூட்டைகளுக்கும் மகனுக்கும் சுற்றிச் சிரட்டை நெருப்பில் போட்டார். தெருவே இருமியது. வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். அண்ணாச்சி மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, நெடியே வரல. எம்புட்டுக் கண்ணு" என்றார்.

"எங்கிட்ட எதுக்குப்பா நட்டம்னு சொன்னீங்க?"

"ஏன், ஒனக்கு மட்டும் கண்ணு இல்லையாக்கும்."

"காலையில திங்காமக் கெடந்தேம்ப்பா, ஒங்களுக்குக் கஷ்டம்னு."

அண்ணாச்சி கடைப் பணியாளரைக் கூப்பிட்டு மகனுக்குப் புரோட்டா வாங்கிவரச் சொன்னார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிளகாய் நெடி என்று பிற்பாடு சாதித்தார்.

மீதி நாட்களில் ஒவ்வொரு கடையிலும் அடுத்த கடையைப் பற்றியே கேட்டோம். ஊரே ஒரே நாளில் செழித்துவிட்டது. சங்குக்காரரைப் பற்றிக் கேட்டால் உப்புக்காரர் பெருமூச்சு விட்டார். உப்புக்காரரைப் பற்றிக் கேட்டால் தோணிக்காரர் சாப்பாட்டை மறந்து பேசினார். வெள்ளிக்கிழமை மவுண்ட் ரோட்டில் அறிக்கையைக் கொடுத்தோம். இது என்ன ஆய்வுமுறை என்று அதிகாரி கேட்டார். "தன்னைப் பத்திச் சொல்ல மனுசனுக்குப் பயம் இருக்கும் சார். அடுத்தவனப் பத்திச் சொல்ல ஒரு பயமும் கிடையாது" என்றான் சுயம்பு. அதிகாரி வெகுநேரம் சிரித்தார். வேலை கிடைத்தது. சந்தோஷமா என்று கேட்டதற்கு, "ஏதோ போகுது சார்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகு கடைக்கே போய்விடுவானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அண்ணாச்சி விடவில்லை. "கடையில ஒண்ணுமில்லடே. நீ மெட்ராசுக்கே போ" என்றாராம், மூன்றாவது கிட்டங்கிச் சாவி மடியில் இருக்க.

அதற்குப் பிறகு அவன் அப்பாவாகவே ஆகிவிட்டான். பெரிய பதவிக்கு வந்தபோதும் ஏதோ ஓடியது. மகள் கல்யாணத்தில் இரண்டு பந்தி நிறைந்து மூன்றாவதுக்கு ஆள் நிற்கையில், "ஜாம்ஜாம்னு நடக்கே" என்றேன். சட்டென்று என் வாயைப் பொத்தி, "ஏதோ நடக்குதுலே" என்றான். ஓய்வுபெற்றுத் தூத்துக்குடிக்கே திரும்பினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். ஏதோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. "எப்படிலே இருக்க?" என்றேன்.

"நல்லா இருக்கேம்லே. ரொம்ப நல்லா இருக்கேன்."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் பையில் இரண்டு வேட்டி எடுத்துவைக்கச் சொன்னேன். மறுநாள் காலை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "பக்கத்து வீட்டுல விசாரிச்சியோ?" என்றான்.

"விசாரிக்கல. நீ சொன்னதே போதும்."

சிரிக்க முயன்றான், இருமல் வந்தது. "நெடிதான்" என்றான். அன்று முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவன் இல்லாத ஞாயிறுகள் எனக்குப் பிடிக்கவே இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்கள். என் வாயில் அவன் பதில்தான் வந்தது. அது என்னிடமே இருக்கட்டும். அவன் வாழ்க்கை எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு, பக்கத்துக் கடைக்காரன் நான் சொல்கிறேன். இனி யார் கண் பட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. கழுத்துவரைக்கும் நிறைந்து கிடந்தது.