மூன்று டீம், ஒரே சுவர்

பல டீம்களின் திட்டங்களை ஒரே திட்டமாகக் கோக்கிற வேலையில் யாரும் நம்மிடம் நேராகப் பொய் சொல்வதில்லை. யாரும் முழு உண்மை சொல்வதுமில்லை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் எங்கள் சின்னக் கம்பெனியில் மூன்று டீம். சரக்கிருப்புக்குக் கலைவாணி, தரச் சோதனைக்கு ரஃபி, டெலிவரிக்குப் பிரபு. மூவரையும் சேர்த்துக் கட்ட நான் ஒருத்தன்.

மூன்று தடவை

தனபால் எங்கள் முதல் வாடிக்கையாளர். லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வாயால் நல்ல வார்த்தை கேட்டுத்தான் எஸ்டேட்டில் பாதிப் பேர் எங்களிடம் வந்தார்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார். ஒரே பார்ட் நம்பரை அந்தப் பெண், எங்கள் மூன்று டீமும் தனித்தனியாகச் செய்துகொடுத்த மூன்று ஸ்கிரீனில், மூன்று தடவை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தனபால் கோபப்படவில்லை.

"உங்ககிட்ட எத்தினி டீம் கீதுன்னு எனக்கு இன்னாத்துக்கு சார்? ஆயுத பூஜைக்கு மிஷினெல்லாம் நிறுத்துவோம். அன்னிக்கு ஒருவாட்டி அடிச்சா போதும்னு மாத்திக் குடுங்க. முடியலன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

நீ முன்னால் போ

மூன்று டீமின் திட்டங்களையும் சீட்டுகளில் எழுதி ஒரே சுவரில் ஒட்டினேன். தனபால் கேட்ட வேலை ஏற்கெனவே மூன்றிலுமே இருந்தது. அப்பாடா என்று கிட்டே போய்ப் படித்தால், மூன்று சீட்டிலும் ஒரே குறிப்பு: 'பக்கத்து டீம் முடித்ததும் தொடங்கும்.' சரக்கிருப்பு சோதனைக்காகவும், சோதனை டெலிவரிக்காகவும், டெலிவரி சரக்கிருப்புக்காகவும் காத்திருந்தன. ஆறு மாதமாக எல்லோரும் நேர்மையாகக் காத்திருந்திருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் போன்களை எடுக்கும் கோமதி, பட்டாபிராம்காரர், டீ டம்ளரோடு வந்து சுவரைப் பார்த்தார். நான் ஒரு வாரமாக முட்டிக்கொண்டது அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"மூணு பேரும் வாசல்ல நின்னுகினு நீ முன்னாடி போ, நீ முன்னாடி போன்னு சொல்லிகினு கீறீங்க. யாராச்சும் ஒருத்தர் உள்ள போங்க சார்."

ஒளித்து வைத்த வாரங்கள்

கலைவாணி முதலில் போவதாக ஒப்புக்கொண்டார். தேதிகளைக் கூட்டினேன், வேலை பொங்கலுக்குப் போய் நின்றது. காரணம் உங்களுக்கே தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு டீமும் சொல்லாமல் சில வாரங்களைச் சேர்த்து வைக்கும். அடுத்த டீம் அதன்மேல் தன் பங்குக்குச் சேர்க்கும். அதை எடு என்று சொல்லவும் முடியாது, எங்கே இருக்கிறது என்று கேட்கவும் முடியாது.

மூவரையும் சுவர் முன்னால் கூட்டிவந்து பொங்கல் தேதியைக் காட்டினேன். கலைவாணி எழுந்துபோய்த் தன் சீட்டில் எட்டு வாரம் என்றிருந்ததை அடித்து ஐந்து என்று எழுதினார். அதைப் பார்த்து ரஃபி இரண்டு வாரத்தை எடுத்தார். பிரபு தன்னுடையதை எடுத்ததோடு, இரண்டு வருடமாக ஆசையாகக் கேட்டுவந்த, டெலிவரி வண்டி எங்கே போகிறது என்று மேப்பில் காட்டும் வேலையின் சீட்டையே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஆட்களை இதற்குக் கொடுத்தார். மூன்று பேர் மீதும் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. கலைவாணி என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"போன வருஷம் லேட் ஆச்சுன்னு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன். அந்தப் பயத்துலதான் இந்த மூணு வாரம். இப்ப லேட் ஆனா எனக்காக நீங்க பேசணும், சார்."

பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

யார் லேட்?

லேட் ஆனது. கலைவாணி டீமில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், நாலு நாள் போயிற்று. ரஃபியின் ஆட்கள் அதுவரை முடிந்த பகுதிகளை வாங்கிச் சோதித்தார்கள். பிரபுவின் ஆட்கள் மீதியைப் பங்குபோட்டார்கள். ஆயுத பூஜையன்று தனபால் பட்டறையில் லேத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். அந்தப் பெண் ஒரு தடவை அடித்தார்; மூன்று ஸ்கிரீனிலும் நம்பர் வந்தது. தனபால் தலையாட்டிவிட்டுப் பொரி கொடுத்தார்.

வேலை முடிந்தாலும் யார் லேட் என்று கேட்காவிட்டால் எங்கள் எம்.டி.க்குத் தூக்கம் வராது. அடுத்த வாரக் கூட்டத்தில் கேட்டார். கலைவாணி குனிந்து நோட்டைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவன் நான். நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பிரபு பேசிவிட்டார்.

"சுவத்துல இப்ப ஒரே திட்டம்தான் சார் கீது. லேட்டுன்னா மூணு டீமும் லேட்டு. எழுதிக்கோங்க."

ஒருங்கிணைந்த திட்டம் வகுத்தவன் என்று என் பயோடேட்டாவில் போட்டிருக்கிறேன். சீட்டு ஒட்டியவன் என்று போட்டால் யார் வேலை கொடுப்பார்கள்?