கல்யாணச் சம்பலில் தப்பிய தக்காளி விதை

தேசிக்காய்ப் புளியும் வெங்காயமும் பிசறிய தக்காளிச் சம்பல்... அந்தப் புளிப்பு இப்பவும் என் இடது கன்னத்துக்குள் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, கேளுங்கள்.

அப்போது மருதமுனையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தோட்டப் பைத்தியங்கள். ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வேலியோரம் கூடுவோம். பத்திரிகைத் துண்டில் மடித்த விதைக்கு விதை மாற்றம். என் குண்டுக் கத்தரி விதைக்குக் கொழும்பிலிருந்தும் ஆள் வரும்!

எங்களில் மூத்தவரான மீராலெவ்வை காக்கா மட்டும் எல்லாரிடமும் வாங்குவார், தன்னுடைய மடிப்புத் தக்காளி விதையைத் தரமாட்டார். ஒரு பழம் ஒரு சட்டிக் கறிக்குப் போதும், அவ்வளவு பெரிசு.

"அது வாப்பா வெச்சிட்டுப் போன வித்து, தம்பி. கறிக்கு வேணுமெண்டா காய் தாறன்."

தருவார்... பச்சைக் காய்! முற்றாத காய் முளைக்குமா?

அந்த மாரியில் வெள்ளம் நின்று அவருடைய செடியெல்லாம் அழுகியது. "விதைக்கு அஞ்சு பழம்தான் தப்பிச்சி. குசினி யன்னல்ல வெச்சிரிக்கன்" என்றார்.

மறுகிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். சம்மாந்துறைச் சமையல்காரருக்கு யன்னல் பழத்தின் கதை தெரியுமா? வெட்டிச் சம்பல் போட்டுவிட்டார்.

ஒரே தாலத்தைச் சுற்றி ஆறு பேர் சாப்பிடும் சஹன். சோறு போட வந்த காக்கா சம்பலைக் கண்டார். கை அப்படியே நின்றது. சம்பந்தி வீட்டார் முன்னால் சத்தம் போட முடியுமா?

"சாப்பிடுங்க... சாப்பிடுங்க..."



எனக்கு விசயம் பிடிபட்டது. மற்ற ஐந்து பேரும் அள்ளுகிற வேகத்தில் யோசிக்க நேரமில்லை. இரண்டு பிடி சம்பலை வாயில் போட்டு, சதையை விழுங்கி, விதையைக் கன்னத்தில் ஒதுக்கினேன்.

"என்ன மச்சான், கதைக்காம இரிக்காய்?"

"இவன் கதைக்கல்லெண்டா ஆசுபத்திரிக்குத்தான் கொண்டு போகணும்!"

கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. வட்டிலப்பம்! அதையும் தள்ளி வைத்தேன்.

வீட்டுக்கு ஓடி வெறும் தயிர்ச் சட்டியில் துப்பினேன்.

"கல்யாண வீட்டுக்குப் போனவங்க சோத்துப் பொதி கொண்டு வருவாங்க. நீங்க எச்சில் கொட்டையா கொண்டு வாறீங்க?" என்றாள் மனைவி.

துப்பிய முப்பத்தொரு விதையும் முளைத்தன. பதினொன்றுதான் என்பாள் அவள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

கன்றுகளோடு காக்கா வீட்டுப் படலையைத் திறந்தேன். ஓர் இலையை நசுக்கி மணந்து பார்த்தவர் அழுதேவிட்டார்.

"எங்கால எடுத்த, தம்பி?"

"உங்கட மகள்ட கல்யாணத்துல, காக்கா. என்ட கன்னத்துக்குள்ள வெச்சுக் கொண்டு வந்தன்."

"என்ன வேணும், கேள்."

"ஒண்டும் வேணாம். வெள்ளிக்கிழமை இந்த வித்தும் வரணும்."

வந்தது. அடுத்த காய்ப்பில் எட்டுப் பொட்டலம், அவர் கையாலேயே மடித்தது.

இப்போது வேலியோரம் யாரும் கூடுவதில்லை. வட்ஸ்அப் குரூப், பஸ் பார்சல்... வேலை சுகம்தான், கொடுத்தவர் முகம்தான் தெரியாது. காக்காவும் மௌத்தாகிவிட்டார்.

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து மகள் வயதுப் பெண்ணொருத்தி அந்தப் பழத்தைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டு, 'மீராலெவ்வைத் தக்காளி' என்று எழுதியிருந்தாள். என் பேரல்லவா வந்திருக்க வேண்டும்! முழுக் கதையையும் எழுதினேன்... அனுப்பாமல் அழித்துவிட்டு, 'ஓம் மகள், அதேதான்' என்று மட்டும் போட்டேன்.

அங்கே சொல்லவில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறேன்.