ஜீப்பில் ஏறச் சொன்ன நேரத்தில் கர்த்தர் அனுப்பிய கை

ஜெபிக்கக்கூட எனக்கு வாய் வராமப் போன ஒரு நாளைப் பத்திச் சொல்லப் போறேன். சபையில நின்னு பேசிப் பழக்கமில்ல. தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

வன்னியில பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த என்னை இயக்கம் வீட்டுக்கே வந்து சண்டைக்குப் பிடிச்சிட்டுப் போச்சு. யுத்தம் முடியுற நேரம் ஆர்மிகிட்ட சரணடைஞ்சேன். தடுப்பு முகாம்ல வச்சிருந்தாங்க. அங்க நடந்ததை நான் பேசுறதில்ல. வெளிய விட்ட பிறகும் பூட்டுச் சத்தம் கேட்டா மூச்சடைக்கும்.

அப்புறம் ரத்தோட்டைத் தோட்டத்துப் பொண்ணு செல்வியைக் கட்டி, பல்லேபொலவுல துண்டு நிலம் வாங்கிக் குடியேறினோம். சுத்திவர சிங்கள ஆட்கள். நான் யாருன்னு மறைச்சேன். பொலிஸ் விசாரிக்க வந்ததுல ஊருக்கே தெரிஞ்சிருச்சு. கடைக்குள்ள நான் போனா பேச்சு நின்னுடும்.

எல்லாரையும் விட நான் பயந்தது பக்கத்து வீட்டுக் குசுமா அம்மாவுக்கு. அவங்க ஒரே மகன் ஆர்மியில இருந்தவர். வன்னியில காணாமப் போயிட்டார். உடம்புகூட கிடைக்கல. என்னைக் கண்டா கதவைச் சாத்திடுவாங்க.

போன வருஷம் மழை விட்டதும் கக்கூஸ் குழி வெட்டினேன். மம்மட்டி ஏதோ உலோகத்துல இடிச்சுது. சத்தம் கேட்டு ரோட்டுல போனவங்க எட்டிப் பார்த்தாங்க. யாரோ "பாம்!"னு கத்தினாங்க. கொஞ்ச நேரத்துல ஊரே கூடிருச்சு. பொலிஸ் ஜீப்பும் வந்துருச்சு.

"புதைச்சு வச்சதை எடுக்குறியா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சிங்களம் தெரியும். ஆனா ஒரு சொல்லும் வரல. "ஏறு"ன்னாங்க. செல்வி கைப்பிள்ளையோட அழுதா. என் கால் நகரல. "இயேசுவே, மறுபடியும் என்னை அடைக்க விடாதீங்க." உள்ளுக்குள்ள அது மட்டுந்தான்.

யாரோ என் கையைப் பிடிச்சாங்க. குசுமா அம்மா!

"இது எங்க அப்பா நிலமா இருந்துச்சு. கறுவாப்பட்டை எண்ணெய் காய்ச்சின அண்டா ஓட்டையானதும் அதை இங்கதான் புதைச்சார். நம்பலேன்னா குண்டு எடுக்குறவங்களைக் கூப்பிடுங்க. அது வரைக்கும் இவன் என் வீட்டுல இருப்பான்."

பொலிஸ்காரர் யோசிச்சார். அப்புறம் தலையசைச்சு, வாசல்ல ஒரு ஆளை நிறுத்தினார்.

உள்ள மகனோட படத்துக்குக் கீழ என்னை உட்கார வச்சு பிளேன்டீ தந்தாங்க. கை உதறி தேத்தண்ணி எல்லாம் சட்டையில கொட்டிருச்சு. அவங்க திரும்ப ஊத்தித் தந்தாங்க.

"பயப்படாத புதே"ன்னாங்க. மகனேன்னு அர்த்தம். "என் பிள்ளையும் எங்கயாவது இப்படி நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு யாராவது ஒரு வாய்த் தண்ணி குடுத்தாங்களோ, தெரியல."

நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அவங்களும் அழுதாங்க.

குண்டு எடுக்குற ஆட்கள் வந்து கவனமாத் தோண்டினாங்க. வெளிய வந்தது களிம்பு ஏறின செப்பு அண்டா. ஜீப் என்னை ஏத்தாமப் போச்சு.

பயம் முழுசாப் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஜீப் சத்தம் கேட்டா இன்னும் வியர்க்கும். ஆனா இப்ப நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். குசுமா அம்மா மகனுக்காக வீட்டுல தினமும் ஜெபிக்கிறோம்.

உங்கள்ல யாருக்காவது பயத்துல வாயடைச்சுப் போயிருந்தா, அந்தப் பயத்தையே கர்த்தர்கிட்ட கொண்டு போங்க. அவர் யாரை அனுப்புவாருன்னு மட்டும் நாம தீர்மானிக்க வேணாம். நான் யாருக்குப் பயந்து ஒளிஞ்சேனோ, அவங்களைத்தான் எனக்கு அனுப்பினார்.