லூர்து விட்டுப்போன பேண்டுகள்

கோரைப்பாய் வாசம்... எங்கள் பேண்டை நினைத்தால் பாட்டுக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

வண்ணார்பேட்டையில் ஒரு பாய்க்கடையின் மாடி அறை. கீழே பஸ் ஹாரன், மேலே நாங்கள் மூன்று பேர். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் இருக்க, ஓரம் பிரிந்து விற்காமல் கிடந்த பத்தமடைப் பாய்களை வாங்கிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தோம். மழைக்காலத்தில் அவை ஈரம் பிடித்து, அறையே குளத்தங்கரை மாதிரி மணக்கும்.

நான் டிரம்ஸ். மெர்சி கீபோர்டு. ஞாயிறு காலை சர்ச்சில் ஆர்கன் வாசித்துவிட்டு அப்படியே வந்துவிடுவாள். லூர்து கிட்டார் வாசித்துப் பாடுவான். உவரிக்காரன், அப்பாவுக்குச் சொந்தப் படகு. மூவரும் பாளையங்கோட்டையில் ஒரே காலேஜ்.

நாங்கள் வாசித்தது முழுக்க இங்கிலீஷ் பாப். அதுவும் லூர்து சொந்தமாக எழுதி மெட்டுப் போட்டது.

"திருநவேலியில இத யாருலே கேப்பா?" என்றேன்.

"கேக்க வைப்போம்லே" என்றான்.

வைத்தான். பாய் வாங்க வந்தவர்கள் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் படியில் நின்று கேட்டிருக்கிறார்கள். கடை அண்ணாச்சி, "தம்பி நல்லாத்தான் பாடுதான்... என்ன சொல்லுதான்னுதான் வெளங்கல" என்பார்.

அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு அந்தப் பயல் செய்த வேலைகளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது!

எங்களுக்குக் கிடைத்த முதல் கச்சேரி ஒரு கல்யாண ரிசப்ஷன். சில பாட்டு முடிந்ததும் பெண்ணின் தாய்மாமா மேடைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு சினிமாப் பாட்டு எடுத்து விடுங்க. சனமெல்லாம் எந்திச்சுப் போவுது."

லூர்து மைக்கிலேயே பதில் சொன்னான். "நாங்க சினிமாப் பாட்டு பாடுத ஆளுக இல்ல அண்ணாச்சி."

கிட்டாரைத் தோளில் மாட்டினான். மேடையை விட்டு இறங்கினான். பஸ் ஏறி ஊருக்கே போய்விட்டான்!

எனக்குப் பாட வராது. வராத குரலில், டிரம்ஸை அடித்துக்கொண்டே நான் பாடிய சினிமாப் பாட்டைக் கேட்டு மாப்பிள்ளையே சிரித்தார். மெர்சி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, கண் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பேண்டு அன்றோடு முடிந்தது.

சரி, கொள்கைக்காரன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நாளில் ஜங்ஷன் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவின் போஸ்டர்... ஜிகினா கோட்டு போட்டுக்கொண்டு நடுவில் லூர்து! பாடுவது அத்தனையும் சினிமாப் பாட்டு! எங்களோடு பாட மாட்டானாம், அவர்களோடு பாடுவானாம்.

அதிலும் நிலைக்கவில்லை. பேர் வரத் தொடங்கியதுமே அதையும் விட்டுவிட்டு, தனி ஆல்பம் போடுகிறேன் என்று மெட்ராஸ் போனான். அங்கிருந்து போன்.

"நாயகம், நீயும் மெர்சியும் வந்து வாசிக்கணும்லே. நீங்க இல்லாம சரிப்படல."

இருவரும் லீவு சொல்லி ரயில் ஏறினோம். ஸ்டுடியோ வாசலிலேயே நிறுத்தினான்.

"கோவிச்சுக்காதிய. யோசிச்சுப் பார்த்தேன்... வெறும் கிட்டாரு மட்டும் போதும்னு தோணுது."

மெர்சி, கொண்டுபோயிருந்த நெல்லை அல்வாப் பொட்டலத்தை அவன் கையில் கொடுக்காமலே திரும்பினாள். வரும் வழியில் நாங்களே தின்று தீர்த்தோம்.

அந்த ஆல்பத்தை நாங்கள் ஆளுக்கொன்று வாங்கினோம். வேறு யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை. நல்ல பாட்டுகள் வே... அதுதான் ஆத்திரமே! டிரம்ஸ் எங்கே வரவேண்டும் என்று ஒவ்வொரு பாட்டிலும் எனக்குக் கேட்டது. அந்த இடமெல்லாம் காலியாகக் கிடந்தது.

பிறகு சொகுசுக் கப்பலில் பாடும் ஒரு பேண்டில் சேர்ந்தான். அதில்தான் கொஞ்ச காலம் இருந்தான், நடுக்கடலில் இறங்கிப் போக முடியாதில்லையா! இப்போது உவரிக்கே திரும்பி, லேப்டாப்பில் தாளத்தை ஓடவிட்டுத் தனியாகப் பாடி வீடியோ போடுகிறான்.

போன மாதம், வேலையை விட்டு நான் வைத்திருக்கும் கடைக்கு வந்தான். தலை முழுக்க நரை.

"மறுபடி பேண்டு ஆரம்பிப்போமாலே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒனக்கு என்னதாம்லே வேணும்?"

அவன் பைய உட்கார்ந்தான். "பேண்டுல இருந்தா தனியாப் பாடணும் போல இருக்கு. தனியாப் பாடுனா பக்கத்துல ஆளத் தேடுது. நான் என்னலே செய்ய?"

மெர்சிக்குப் போன் போட்டேன். திட்டித் தீர்த்துவிட்டு, "பிராக்டிஸ எங்க வீட்டுலயே வைங்க" என்றாள்.

நேற்று ஞாயிறு. மதியமே டிரம்ஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். லூர்து வரவில்லை. போன் போட்டால், "திசையன்விளை தாண்டிட்டேன்" என்றான். ரொம்ப நேரம் கழித்துப் போட்டால், அப்போதும் உவரிக்குப் பக்கத்திலிருக்கும் அதே திசையன்விளைதான்.

மெர்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். "இவனுக்காக இன்னும் எவ்வளவு காலம் காத்துக் கெடக்க? நாயகம், நீ அடி."

பாட ஆளில்லாமல், வெறும் கீபோர்டும் டிரம்ஸுமாக ஆரம்பித்தோம். முதலில் தடுமாறினோம். பிறகு கை தானாக ஓடியது.

அந்தக் காலத்தில் அவன் வராவிட்டால் பிராக்டிஸ் கிடையாது. படியையே பார்த்துக்கொண்டிருப்போம். நேற்று வாசல் பக்கம் நான் திரும்பவே இல்லை... மூன்றாவது பாட்டு முடிந்தபோதுதான் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், கிட்டார் பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்ன விட்டுட்டு ஆரம்பிச்சிட்டியளே!"

மெர்சி கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆமா. அடுத்த பாட்டுல வந்து சேந்துக்கோ."