அரை சென்டிமீற்றருக்கு ஒரு மெத்தை

காலையில் நான் விமானப்படை அதிகாரியாகத் தகுதியானவள், மாலையில் இல்லை. வெள்ளவத்தை வீட்டுக் கதவு நிலையில் அம்மா பென்சிலால் கீறிய இரண்டு கோடுகள் அப்படித்தான் சொல்லின. படுக்கையால் எழும்பிய உடனே அளந்தால் அவர்கள் கேட்ட உயரம் இருந்தது. குளித்து, தேத்தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் நடமாடினால் அரை சென்டிமீற்றரைக் காணவில்லை. எவன் எடுத்துக்கொண்டு போகிறானோ தெரியாது.

கம்பசில் கடைசி வருடம் படிக்கும்போதே பயிலிளவல் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்குக் கடிதமும் வந்துவிட்டது. முதல் வேலையாக உயரம் அளப்பார்கள். குறைந்தால் அப்படியே வீட்டுக்கு வரவேண்டியதுதான். என்னைப் படுத்தபடியே கொண்டுபோவதென்று அம்மா முடிவு கட்டினார். த்ரீவீலுக்கும் சொல்லிவைத்தார். அதில் படுப்பதற்கு நான் இன்னும் கட்டையாக இருக்கவேண்டும்.

புறக்கோட்டைக்குத் துணிக்கட்டு ஏற்றுகிற வான் அப்பாவிடம் இருந்தது. ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா என்னோடு கதைக்கவில்லை. “அந்த உடுப்பைக் கண்டா என்ர கை தானா ஐடென்டி காட்டைத் தேடும். அதை நீ போடப்போறியோ?” என்று கேட்டதோடு சரி. யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் இறங்கி இறங்கி நின்ற மனிதர். எனக்கு அது விளங்கியது, கோபமும் வந்தது.

நேர்முகத்தன்று விடிய என்னை எழுப்பியது அப்பா.

“எழும்பாதை,” என்றார்.

வானின் பின் சீற்றைக் கழற்றித் தன் மெத்தையை விரித்திருந்தார். நேர்முக உடுப்போடேயே படுக்கவைத்திருந்த என்னை அவரும் அம்மாவும் பெட்ஷீற்றோடு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அதில் போட்டார்கள். அம்மா ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

காலி வீதிச் சிக்னலில், கோயிலுக்குப் போன பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்திருக்கிறார். உடனே அம்மாவின் போன் அடித்தது. பிள்ளைக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை அக்கா, உயரம் குறையாமக் கொண்டுபோறம்.”



முகாம் வாசலில் காவலுக்கு நின்ற இளைஞன் வானை மறித்தான். அவன் வாய் திறக்குமுன்னே அப்பாவின் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்னைக் கண்டுவிட்டு, “நோயாளியா?” என்று சிங்களத்தில் கேட்டான்.

அப்பா பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார். “இல்லை தம்பி, ஒபிசர்,” என்றார், அவரும் சிங்களத்தில்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் உயரம் குறையுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

உள்ளே பலகை இறங்கித் தலையைத் தொட்டது. அளந்த பெண் இரண்டு தரம் குனிந்து பார்த்து எழுதினார். கேட்ட உயரம், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை. மிச்ச நேர்முகமும் மத்தியானத்துக்குள் முடிந்தது.

வெளியே வந்து, சரி என்று தலையாட்டினேன். அம்மா அழத் தொடங்கினார். அப்பா மெத்தையைச் சுருட்டிக் கட்டினார். பிறகு முன் கதவைத் திறந்துவிட்டார்.

“இனி முன்னுக்கு இருந்துகொண்டு வா,” என்றார். “ஆக்கள் பாக்கட்டும்.”