பிலோமினா அக்கா பதிந்துவைத்த கோபம்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். காலையில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை. அதை அடக்கிக்கொண்டு எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் நான் பிசியோதெரபி பார்க்கும் தனியார் மருத்துவமனையில், பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் அவர். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். மெதுவாகப் பேசவே வராது. வராந்தாவின் அந்தக் கோடியில் அவர் சிரித்தால் இந்தக் கோடியில் கேட்கும்.

எங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி நிறையப் பழைய டேப்லெட்டுகள் கிடந்தன. புறநோயாளிகளின் பெயரைப் பதிய வாங்கியவை. கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. புதிய செயலி எதுவும் அதில் ஏறாது. ஆனால் படத்தைத் தொட்டால் பதிந்த குரல் ஒலிக்கும் பழைய செயலி ஒன்று மட்டும் ஓடியது. “இது போதுமே எனக்கு” என்று பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார் அக்கா. செம்பைத் தொட்டால் தண்ணீர், தலையணையைத் தொட்டால் தூக்கம். பேச முடியாதவர்கள் விரலால் பேசத் தொடங்கினார்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சி மட்டும் அதைத் தூக்கித் தூக்கி எறிந்தார். ஆழ்வார்திருநகரியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வாய்ப்பேச்சிலேயே கடை நடத்தியவர். எறிந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி எனக்கு அலுத்துவிட்டது. அக்காவுக்குத்தான் விஷயம் புரிந்தது. “தண்ணியும் சோறும் மட்டும் கேக்கவா அவுக வாய் இருந்துது? மனுசன் வைய வேண்டாமா?” என்றார். ஒரு மிளகாய்ப் படத்தைப் போட்டு, தன் குரலிலேயே பதிந்தார்: “போதும்லே! வாய மூடிக்கிட்டு வெளிய போ.”

பொம்பளைக் குரலா என்று அண்ணாச்சி முகம் சுளித்தார். “பிடிக்கலைன்னா சீக்கிரம் ஒங்க குரல்ல வையுங்க அண்ணாச்சி” என்றார் அக்கா. அண்ணாச்சி மிளகாயை அழுத்தினார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். அதற்குப் பின் பயிற்சிக்கு முரண்டு பிடிக்கவே இல்லை. எல்லா டேப்லெட்டிலும் மிளகாய் ஏறியது.

ஒரு நாள் ரவுண்ட்ஸில், நோயாளி முகத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்த பெரிய டாக்டரிடமும் அண்ணாச்சி மிளகாயை அழுத்திவிட்டார். நிர்வாக அலுவலருக்குப் பொறுக்கவில்லை. அழிக்கச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். அடுத்து தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும் வழி கிடைத்துவிட்டது. “கம்பெனியே கைவிட்ட சாமான், மானம் போகும்” என்று, மூட்டையாகக் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். அத்தனை பேரின் பேச்சும் அந்த மூட்டையில் போனது. நாங்குநேரியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா, டேப்லெட் இருந்த இடத்தில் வெறும் மேசையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன். புதியவை வரும் என்றார்கள். வந்தன. பணம் கட்டும் இடத்தில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டுக்கொண்டு நிற்கின்றன. வெட்கம்கெட்டவர்கள்!

மூட்டை கட்டுவதற்குள் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய், அதற்குள் வீடு திரும்பியிருந்த அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு வந்தார் அக்கா. விளக்கம் கேட்டார்கள். “எடுத்தது நாந்தான். போலீசுக்குச் சொல்லுங்க சார்” என்றார். அதன் பிறகு அவரை இரண்டு மாதம் மருந்துச்சீட்டு அடுக்கும் வேலையில் உட்காரவைத்தார்கள்.

நேற்று மருத்துவமனையிலேயே இரங்கல் கூட்டம். அதே நிர்வாக அலுவலர்தான் மைக்கைப் பிடித்தார். பேச்சற்றவர்களுக்கு நவீனக் கருவிகளால் பேச்சுக் கொடுத்த அம்மையாருக்கு இந்த நிர்வாகம் என்றும் துணைநின்றது என்றார். நின்றதாம். எழுந்து கத்திவிடலாமா என்று பார்த்தேன்.

அப்போது அக்காவே பேசினார்.

“போதும்லே! வாய மூடிக்கிட்டு வெளிய போ.”

கூடமே திரும்பியது. கடைசி வரிசையில், சக்கர நாற்காலியில் சுடலைமுத்து அண்ணாச்சி. மடியில் மூலை உடைந்த அந்த டேப்லெட். கன்னமெல்லாம் கண்ணீர். நிர்வாக அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்த்தார்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் குரலுக்கு ஒரு குறையும் வராது. அண்ணாச்சி மறுபடியும் மிளகாயை அழுத்தினார்.